எந்த வட்டம், சார்?

'வட்டம்' என்று போட்டு, பக்கத்தில் ஒரு கோடு. சர்க்கார் மனுத்தாளில் வரும் இந்த ஒரு கோடு ஜனங்களைப் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல!

எங்கள் தெருவில் பூக்கட்டும் பாட்டி முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிப் போட்டார். அந்தக் கோட்டில் வார்டு நம்பரை எழுதிவிட்டார். மனு திரும்பி வந்தது.

"தாலுகா பேரைக் கேட்டா, நம்பரைப் போட்டிருக்கியேம்மா?" என்றார்களாம்.

"வட்டச் செயலாளர்னா எங்க வார்டு கட்சிக்காரர்தானே, தம்பி? அப்ப வட்டம்னா வார்டு இல்லியா?" என்றாராம் பாட்டி. பதில் இல்லை!

பாட்டி கேட்டதில் என்ன தப்பு? சென்னையில் கட்சிக்காரர்கள் சுவரொட்டியில் 'வட்டம்' என்று போட்டால் அது மாநகராட்சி வார்டு. 2011-ல் எல்லை விரிந்தபிறகு நகரத்தில் 200 வார்டுகள். ஆனால் வருவாய்த் துறைக்கு வட்டம் என்றால் தாலுகா. மயிலாப்பூர் வட்டம், கிண்டி வட்டம் என்பதெல்லாம் அந்தக் கணக்குதான். ஒரு தாலுகாவுக்குள் பல வார்டுகள் அடங்கும்.

இதோடு முடிந்ததா? மின்சார வாரியத்துக்கு ஒரு 'மின் பகிர்மான வட்டம்' உண்டு. அதன் எல்லை வேறு. தபால் இலாகாவோ எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. 'தமிழ்நாடு அஞ்சல் வட்டம்' என்றால் மாநிலம் பூராவும் ஒரே வட்டம்! பெரிய வட்டம் என்ற பொருளில் 'மாவட்டம்' என்று பேர் வைத்தோமே, அது இந்த வட்டத்துக்குள் சின்னதாகக் கிடக்கிறது.

'தாலுகா' அரபியிலிருந்து வந்த சொல். அதை மாற்றித் தமிழில் எழுதியது நல்ல காரியம்தான். அதில் நமக்குச் சண்டையில்லை. ஆனால் வார்டு, தாலுகா, சர்க்கிள் மூன்றுக்கும் ஒரே சொல்லை ஒட்டியது யார் குற்றம்? தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? கூற்றம், நாடு, கோட்டம் என்று அளவுக்கு ஒரு பேர் வைத்தவர்கள் நம் பாட்டன்மார்கள். மயிலாப்பூர் அந்தக் காலத்தில் புலியூர்க் கோட்டத்தில் இருந்தது. கோட்டத்தையும் இப்போது மின்சார வாரியமும் வருவாய்த் துறையும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன!

சொல்லை மாற்ற கமிட்டி போட வேண்டாம். மனுத்தாளில் 'வட்டம்' என்பதன் பக்கத்தில் 'தாலுகா' என்று அடைப்புக்குறிக்குள் அச்சடிக்கட்டும். அதற்குக் கீழே வார்டு எண்ணுக்குத் தனிக் கோடு போடட்டும். மை செலவு எவ்வளவு ஆகிவிடும்?

பாட்டி இரண்டாவது மனு போட்டிருக்கிறார். இந்தத் தடவை தாலுகா பேர், வார்டு நம்பர் இரண்டையும் அந்த ஒரே கோட்டில் நெருக்கி எழுதியிருக்கிறார்.