கோழிக்கூட்டுக்குப் போன இரண்டு விரல்



எம்மிடம் படித்த பிள்ளை. வயது 22. போன மாதம் வீட்டில் கோழிக்கூடு அடிக்கப் பலகை வெட்டும்போது இடது கையில் இரண்டு விரல்களைக் கிரைண்டர் எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன எல்லோரும் சொன்னது "எல்லாம் கத்ர்" என்றுதான். நாமும் சொன்னோம். வெளியே வந்த பிறகு வெட்கமாக இருந்தது.

அந்தக் கிரைண்டரில் மூடி இருக்கவில்லை. நாலு அங்குல மெஷினுக்கு ஐந்து அங்குலப் பல்லு பிளேட் பூட்டுவதென்றால் மூடியைக் கழற்றத்தான் வேண்டும். ஊரில் எத்தனை வீட்டில் இப்படிக் கிடக்கிறது என்று நமக்குத் தெரியாதா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நமது. நாம் கயிற்றையே அறுத்துவிட்டுக் கத்ர் பேசுகிறோம்.

கிரைண்டர் இரும்பும் டைல்ஸும் வெட்டச் செய்த சாமான். நாலு அங்குல மெஷின் நிமிடத்துக்கு 11,000 தடவை அளவில் சுற்றும். மரம் அறுக்கும் சேர்கியூலர் சோவுக்கு அதில் பாதி வேகமே போதும். அதில் பலகைமேல் படிந்து நிற்க அடித்தட்டு இருக்கிறது, வெட்டி முடிந்ததும் தானாக வந்து மூடும் மூடி இருக்கிறது, விரலை எடுத்தால் கரண்ட் நிற்கிறது. கிரைண்டரில் அடித்தட்டும் இல்லை, அந்த மூடியும் இல்லை. பல கிரைண்டர்களில் சுவிட்ச் தள்ளினால் பூட்டிக்கொள்ளும். கைநழுவி விழுந்தாலும் ஓடிக்கொண்டே கிடக்கும். கணுவில் பல்லு கடித்தால் மெஷின் திரும்பி உதைக்கும். அந்த நேரம் எதிரே இருப்பது நமது கை, தொடை, கழுத்து. பிளேட்டிலேயே அதன் ஆகக்கூடிய வேகம் அச்சடித்திருக்கும். நாம் விலையை மட்டும்தான் வாசிக்கிறோம்.

அமெரிக்காவில் வீட்டுத் தச்சு வேலைக்கு ரேடியல் ஆர்ம் சோ என்றொன்று இருந்தது. மேசைக்கு மேலே தொங்கும் வாளை முன்னுக்கு இழுத்துப் பலகையை வெட்டுவது. ஒரே அளவில் பலகைகள் வெட்ட அருமையான சாமான். ஆனால் இழுக்கும்போது வாள் தானாகவே நம்மை நோக்கி ஓடிவரப் பார்க்கும். 1958 முதல் 1992 வரை கிராஃப்ட்ஸ்மேன் பெயரில் விற்ற சுமார் 37 இலட்சம் வாள்களுக்கு, மூடி முழுவதையும் மறைக்கவில்லை என்று 2000ஆம் ஆண்டு இலவசமாகப் புது மூடி கொடுத்தார்கள். மூடி பொருந்தாதவற்றுக்கு, மோட்டரைத் திருப்பி அனுப்பினால் 100 டொலர். அங்கே 40 வருடப் பழைய வாளுக்கும் மூடி தேடிக் கொடுத்தார்கள். நாம் புது மெஷினின் மூடியை முதல் நாளே கழற்றி அலுமாரிக்கு மேலே போடுகிறோம்.

"ஓடாவிமார் இதாலதானே வெட்டுறாங்க சேர்?" என்று கேட்கிறார்கள். அவர்களின் விரல்களை ஒருதரம் எண்ணிப் பாருங்கள்.

சோ வாங்கக் காசில்லை என்பது நியாயம்தான். ஆனால் ஒரு கோழிக்கூட்டுக்கு எத்தனை பலகை? கைவாள் போதாதா? அளவு சொன்னால் மரக்காலையிலேயே அறுத்துத் தருவார்களே.

ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் சகோதரர்களே, நாலு அங்குலக் கிரைண்டரோடு சேர்த்து ஐந்து அங்குலப் பல்லு பிளேட்டை நீட்டாதீர்கள். கேட்டு வந்தாலும் கொடுக்காதீர்கள். அதில் வரும் இலாபம் எவ்வளவு என்று நமக்கும் தெரியும்.

மற்றவர்கள் இன்று மஃரிபுக்குப் பிறகு வீட்டுக் கிரைண்டரை எடுத்துப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு. மூடி எங்கே என்று வாப்பாவிடம் கேளுங்கள்.