பூட்டும் சாவியும் யார் கையில்?



வெறுப்பைத் தூண்டும் தலைவர்களைச் சமூக ஊடகங்கள் தடை செய்யலாமா என்று நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாகச் சண்டை. "சார், நீங்க சொல்லுங்க" என்று கேட்டீர்கள். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தடையே கூடாது என்பவர்களுக்கு முதலில் சொல்கிறேன். ஒருவன் பேச்சு இன்னொருவன் தலையில் அடியாக விழும் என்றால் அதை நிறுத்தத்தான் வேண்டும். மியான்மரில் ரோஹிங்கியா மக்கள் மீது ஃபேஸ்புக்கில் வெறுப்பைக் கொட்டினார்கள். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிருக்குப் பயந்து வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அந்நாட்டு ராணுவத் தளபதி மின் ஆங் லைங்கை ஃபேஸ்புக் நீக்கியது எப்போது? 2018 ஆகஸ்டில். ஒரு வருடம் கழித்து! தாமதித்துவிட்டோம் என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஓடியவர்களுக்கு அதனால் என்ன பயன்?

இப்போது அமெரிக்காவுக்கு வாருங்கள். 2021 ஜனவரி 6 அன்று ட்ரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். இரண்டே நாளில் ட்விட்டர் அவர் கணக்கை "நிரந்தரமாக" முடக்கியது. 8 கோடிக்கும் மேற்பட்டோர் பின்தொடர்ந்த கணக்கு. அவர் பதவி முடிய 12 நாள்தான் பாக்கி. அதற்கு முந்தைய நான்கு வருடமும் அதே வாய்தானே பேசியது? அப்போது ஏன் கை வரவில்லை?

பிறகு 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கினார். அடுத்த மாதமே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார். 51.8 சதவீதம் பேர் "வரட்டும்" என்றார்கள், கணக்கு திரும்பியது. நிரந்தரம் இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. 2025 ஜனவரியில் ட்ரம்ப் மீண்டும் அதிபரானார். தன்னை முடக்கியதற்காக அவர் போட்டிருந்த வழக்கை முடித்துக்கொள்ள, அதே மாதம் மெட்டா நிறுவனம் 2.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஊராட்சித் தலைவரின் மகன் படித்தான். சின்னப் பிள்ளைகளை அடிப்பான். யாரும் கேட்க மாட்டோம். நானும்தான். அப்பா தேர்தலில் தோற்ற மறுவாரமே பையன் கையில் டி.சி.! விசாரணை இல்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அது நீதி அல்ல என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். அடி வாங்கிய பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். இந்த நிறுவனங்கள் செய்வதும் அதேதான். பேச்சை எடை போடவில்லை, பேசுபவரின் செல்வாக்கை எடை போடுகின்றன.

"தனியார் கடை, வேண்டாதவரை வெளியே அனுப்புவது முதலாளி இஷ்டம்" என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தீர்கள். டீக்கடை என்றால் சரி, பக்கத்துக் கடைக்குப் போகலாம். உலகத்துக்கே நாலைந்து கடைதான் என்றால்? ஜெர்மனியின் அன்றைய சான்சலர் மெர்க்கல் ட்ரம்பின் ஆதரவாளர் அல்ல. அவரே அந்தத் தடை சிக்கலானது என்றார். பேச்சுக்கு எல்லை போட வேண்டியது சட்டம், கம்பெனி நிர்வாகம் அல்ல என்பது அவர் தரப்பு. என் கட்சியும் அதுதான்.

ஃபேஸ்புக் தானே அமைத்த மேற்பார்வை வாரியம்கூட 2021 மே மாதம், முடக்கியது சரி, ஆனால் காலவரையின்றி முடக்கியது தவறு என்றது. அதன் பிறகுதான் இரண்டு வருடம் என்று கணக்குச் சொன்னார்கள்.

ஆகவே தண்டனை இருக்கட்டும். ஆனால் விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதிபருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். என்ன குற்றம், எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். முறையிட முதலாளிக்குக் கட்டுப்படாத ஓர் இடம் வேண்டும். இது இல்லாமல் இன்று உங்களுக்குப் பிடிக்காதவர் வெளியேற்றப்பட்டதற்குக் கை தட்டினால், நாளை உங்களுக்குப் பிடித்தவருக்காக வாதாட வாய் இருக்காது.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். விசாரிக்காமல் யாரையும் பிளாக் செய்ய மாட்டேன்!

அன்புடன்,
உங்கள் சார்