மொட்டை மரமும் நூலகப் படியும்

சென்ற வாரம் பிரிஸ்பேன் நகரத்து ஓட்டல் சமையலறையில் மலை மலையாகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என்னை அப்படியே விட்டுவிட்டு முடித்தேன் அல்லவா? "ஐயோ பாவம், பெண் கரையேறினாளா?" என்று கவலைப்படும் சகோதரிகளுக்கு முதலில் ஒரு நல்ல சேதி. பாத்திரம் தேய்ப்பதிலிருந்து படுக்கை விரிப்பதற்கு எனக்கு உத்தியோக உயர்வு கிடைத்தது!

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியர்கள் ஒரு வருஷம் ஆஸ்திரேலியாவில் ஊர் சுற்றிக்கொண்டே, கிடைத்த வேலையைச் செய்து வயிறு வளர்க்க 2024-ல் ஒரு விசா வந்தது. வருஷத்துக்கு 1000 பேருக்குத்தான் இடம், ஆகையால் குலுக்கல். பொருட்காட்சிக் குலுக்கலில்கூட ஓர் எவர்சில்வர் டம்ளர் விழாத எனக்கு, இந்தக் குலுக்கல் விழுந்துவிட்டது. அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன் முகத்தைக் காட்டணும். வெறும் குரல் போதாது. குரலை வைத்துக்கொண்டு நீ ஊரையே ஏமாற்றுவாய்!"

முகத்தைக் காட்ட வைஃபை வேண்டும். மலிவு என்று நான் வாங்கிய சிம்முக்கோ பெரிய நகரங்களைத் தவிர வேறு ஊரே தெரியாது. ஆகவே, "சம்பளம் என்ன?" என்று கேட்பதற்கு முன், "வைஃபை உண்டா?" என்று கேட்டுக்கொண்டு நான் ஊர் ஊராகப் போனேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வைஃபைக்கு ஆஸ்திரேலியாவும் ஒரு தாய்வீடு. ஜான் ஓ'சல்லிவன் என்ற விஞ்ஞானி, வானத்தில் வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளின் ரேடியோ அலைகளைத் தேடிப் போனார். கருந்துளை அகப்படவில்லை. ஆனால் அதற்காகப் போட்ட கணக்கு வேறொன்றுக்கு உதவியது. அறைக்குள் ரேடியோ அலை சுவரிலும் மேஜையிலும் மோதி எதிரொலித்துக் குழம்புகிறதே, அந்தக் குழப்பத்தைத் தீர்க்க அவரும் சகாக்களும் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் வழி கண்டார்கள். 1996-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது; அதனால் வந்த வருமானம் 40 கோடி டாலருக்கும் மேல். அப்பேர்ப்பட்ட தேசத்தில்தான் நான் கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேர் பார்க்க எக்குகிற குழந்தை மாதிரி அலைந்தேன்!

நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் ஒன்றில் இருபது அறைகளுக்குப் படுக்கை விரிக்கும் வேலை. ஒவ்வொரு மேஜை மேலும் வைஃபை ரகசியச் சொல் அச்சடித்த அட்டையை வைப்பதும் என் பொறுப்பு. ஆனால் அது விருந்தாளிகளுக்கு மட்டுமே. வேலையாட்கள் தொடக் கூடாது. பந்தி முழுவதும் பாயசம் ஊற்றிவிட்டு வெறும் வாளியுடன் திரும்புகிறவள் கதைதான். இரண்டே வாரத்தில் பெட்டியைக் கட்டினேன்.

அடுத்து, பிரிஸ்பேனிலிருந்து சுமார் 300 கிலோமீட்டரில், பர்னெட் ஆற்றங்கரையில் உள்ள கெயின்டா. கமலா ஆரஞ்சு விளையும் சீமை. "என்ன வேலை?" என்று அம்மா கேட்டபோது, "பழக் கம்பெனியில் ஆபீஸ் உத்தியோகம்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். எம்.காம். படிக்க வைத்தவளிடம், கழுத்தில் பையை மாட்டிக்கொண்டு மரத்தில் ஏறுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

கமலா ஆரஞ்சை நம் வீட்டுக் கொல்லையில் மாங்காய் பறிப்பது போல இழுத்துப் பறிக்கக் கூடாது. காம்படியில் தோல் கிழிந்து பழம் கெட்டுவிடும். சின்னக் கத்தரியால் நறுக்க வேண்டும். அதிலும் நிறம் வந்த பழத்தை மட்டும். கூலி, நிரப்பும் பெட்டிக் கணக்கில். நல்ல வேளையாக 2022 முதல், இப்படிக் கணக்குக் கூலி வாங்குகிறவர்களுக்கும் மணிக்கு இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று விதி வந்திருந்தது. இல்லாவிட்டால் என் சாமர்த்தியத்துக்குப் பட்டினிதான்!

மூன்றாம் நாள் ஒரு மகா கண்டுபிடிப்பைச் செய்தேன். வரிசையின் கடைசி மரம் முதலாளி வீட்டுப் பக்கம் இருந்தது. கீழே நின்றால் ஒன்றுமில்லை. ஈரம் நிறைந்த இலைகள் அலையை விழுங்கிவிடுகின்றன. ஏணியின் நாலாவது படியில் ஏறி, இலைகளுக்கு மேலே தலையை நீட்டினால் வைஃபை வருகிறது! ரகசியச் சொல்லை முதலாளியின் பேரன் இரண்டு சாக்லேட்டுக்கு விற்றான்.

அதற்குப் பிறகு அந்த மரத்தை விட்டு நான் இறங்கவில்லை. ஒரு கை அம்மாவுக்குச் செய்தி அனுப்ப, இன்னொரு கை தன்பாட்டுக்கு நறுக்கிக்கொண்டேயிருந்தது. பழுத்தது, காய், பிஞ்சு என்ற பேதமே பார்க்கவில்லை. மேஸ்திரி வந்து பார்த்தபோது மரம் திருப்பதி போய்விட்டு வந்த மாதிரி நின்றது.

"இந்த மரம் உனக்கு என்ன கெடுதல் செய்தது?" என்று கேட்டார்.

மறுநாளே என்னைத் தோட்டத்தின் மறு கோடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இங்கே இரவு எட்டு மணியானால் அங்கே பிற்பகல் மூன்றரை, அம்மா காத்திருப்பாள். ஜப்பான் தோழி ஒருத்தி காரில் ஊருக்குள் கொண்டுபோய் விட்டாள். நூலகம் பூட்டியிருந்தது. ஆனால் உள்ளே இருந்த வைஃபைக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. வாசற்படி வரை கசிந்து வந்தது. ஜூலை மாதம் அங்கே குளிர்காலம். பற்கள் தாளம் போட, படியில் சுருண்டு உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஒரே இருட்டு! முகம் எங்கேடி?" என்றாள் அம்மா.

நாயுடன் அந்தப் பக்கம் வந்த ஒரு பாட்டியம்மாள் விஷயத்தைப் புரிந்துகொண்டு, "என் மகனும் லண்டனிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவான்" என்று சொல்லிக்கொண்டே, கையிலிருந்த டார்ச்சை என் மேல் அடித்தாள். வெளிச்சம் முகத்தில் விழுந்தால் பரவாயில்லை. தலைமயிரை ஒதுக்கிய என் கையில் விழுந்தது. விரலுக்கு விரல் பிளாஸ்திரி. முழங்கை வரை முள் கீறல்.

அம்மா சிறிது நேரம் பேசவில்லை.

"ஆபீஸில் முள் இருக்குமோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உன் பாட்டி கடலை பிடுங்கப் போன நாளில் அவள் கை இப்படித்தான் இருக்கும். அந்தக் கைதான் எனக்குப் பள்ளிக்கூடத்துச் சம்பளம் கட்டியது. அதைச் சொல்ல எனக்கே வெட்கமில்லை. உனக்கு என்னடி வெட்கம்? ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படு. அந்த அம்மாளுக்கு நான் நமஸ்காரம் சொன்னதாகச் சொல்."

அவ்வளவில் படம் உறைந்துவிட்டது. மூன்று மாதமாக நான் சுமந்த பொய், ஒரு நிமிஷ வெளிச்சத்தில் இறங்கிவிட்டது.

"உன் அம்மா என்ன சொன்னாள்?" என்று கேட்டாள் பாட்டியம்மாள். சொன்னேன். தேங்காய் எண்ணெய் தன்னிடம் இல்லை என்று ரொம்ப வருத்தப்பட்டாள். பதிலுக்குத் தன் வீட்டு வைஃபையைத் தருவதாகச் சொன்னாள்; கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய எனக்குச் சம்மதமானால்!

அந்தக் கோழிகள் எனக்குச் செய்த மரியாதையை அடுத்த வாரம் சொல்கிறேன்.