அடியாத மாடு படியாதாம்!

மலேசியாவின் சுபாங் ஜெயா எஸ்எஸ்13 வட்டாரத்துப் பூப்பந்து அரங்கங்களில் வார இறுதிக் காலைகளில் அடிக்கடி காதில் விழுவது இந்தப் பழமொழிதான். கோச் பத்து வயதுப் பையனைப் பார்த்து, "உனக்கெல்லாம் எதுக்குடா மட்டை?" என்று கத்துவார். பையனின் முகம் சுண்டிப்போகும். சுவரோரம் உட்கார்ந்திருக்கும் அப்பாவோ, "மனசுல வச்சிக்காதய்யா, திட்டினாத்தான் உறைக்கும்" என்பார். உறைத்தது என்ன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

திட்டிய பிறகு பையன் நன்றாக ஆடினானே என்பார்கள். 1960களில் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்றுநர்கள் சொன்னதும் இதுதான்: பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், ஏசினால் தேறுகிறான். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானெமன் அதிலிருந்த கோளாறைக் கண்டுபிடித்தார். வழக்கத்தைவிட மோசமாகச் செய்தவன், யாரும் வாயைத் திறக்காவிட்டாலும், அடுத்த முறை பெரும்பாலும் தன் வழக்கமான நிலைக்குத் திரும்புவான். நம் கோச் ஏசுவது சரியாக அந்த நேரத்தில். ஆகவே பெயர் ஏச்சுக்குப் போய்விடுகிறது.

1996இல் குளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள், செய்த வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வது பலன் தருகிறதா என்று பார்க்க 607 முடிவுகளைத் திரட்டினார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கருத்துச் சொன்ன பின் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும் அளவுக்குப் பலன் குறைகிறது என்பது அவர்கள் வாதம். "பின்மூலைக்கு ஓரடி தாமதமாகப் போகிறாய்" என்றால் பையன் காலைப் பார்ப்பான். "நீ தண்டம்" என்றால்? ஆளைக் குறிவைத்துச் சொல்லிவிட்டு, அதைத் தன்மேல் எடுத்துக்கொள்ளாதே என்று குழந்தைக்குப் புத்தி சொல்வது என்ன நியாயம்!

பயிற்றுநர் மிஸ்பூன் சிடேக் கண்டிப்பாக இருந்ததால்தானே பூப்பந்து வீரர் லீ சோங் வெய் உருவானார் என்று மடக்குவார்கள். கண்டிப்பு வேறு, இழிவு வேறு. ஒரே அடியை நூறு முறை திரும்ப ஆடவைப்பது கண்டிப்பு. நானும் அதன் கட்சிதான். அடியும் ஏச்சும் பதக்கம் தருமென்றால் ஜப்பானைப் பாருங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில், தாங்களே உலகுக்குத் தந்த ஜூடோவில், அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தங்கம். பயிற்சியில் பயிற்றுநர்கள் தங்களை அறைந்ததாகவும் மூங்கில் வாளால் அடித்ததாகவும் 15 ஜூடோ வீராங்கனைகள் புகார் செய்திருந்தது 2013 தொடக்கத்தில் வெளியே வந்தது. பெண்கள் அணியின் தலைமைப் பயிற்றுநர் பதவி விலகினார்.

ஆளைக் குறிவைக்கும் இந்த நஞ்சு பாராட்டிலும் உண்டு. வென்ற அன்றைக்கு "நீ பிறவி மேதை" என்று தூக்கிவைத்தால், மறுவாரம் சொல்லும் சின்னத் திருத்தம்கூடப் பையனுக்கு அந்தப் பட்டத்தைப் பறிப்பதாகத்தான் படும். இது பெரும்பாலும் பெற்றோர் கைவரிசை.

எல்டிபி நெடுஞ்சாலை நெரிசலில் வீடு திரும்பும்போது "கோச் என்ன திட்டினார்?" என்று கேட்பதை விட்டு, "எதை மாத்தச் சொன்னார்?" என்று கேளுங்கள். வாராவாரம் பையனுக்குப் பதில் தெரியவில்லையென்றால், கோச்சிடமே கேளுங்கள். அவர் பாதம், மணிக்கட்டு, நின்ற இடம் என்று ஏதாவது சொன்னால் சரி. "இவனுக்கு ரோஷமே இல்லை" என்றுதான் சொல்வாரென்றால், அடுத்த மாதக் கட்டணத்தை வேறு அரங்கத்தில் கட்டுங்கள்.