அடுத்த பெட்டி எப்போது வர வேண்டும்?



'வீடியோ கேம்' என்று எழுதியதுமே உங்கள் முகத்தில் பல்பு எரிவது எனக்குத் தெரிகிறது. கூடவே, 'வாத்தியார் எழுதுகிறார் என்றால், விளையாடாதே, கண் கெட்டுப் போகும் என்றுதான் ஆரம்பிப்பார்' என்று பக்கத்தைப் புரட்டவும் பார்க்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்! அந்த அறிவுரையை உங்கள் வீட்டில் தினமும் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நான் இன்று பேசப் போவது வேறு விஷயம்.

டி.வி.யோடு இணைத்து விளையாடும் பெட்டி இருக்கிறதே, அதற்கு 'கன்சோல்' என்று பெயர். நிண்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று கம்பெனிகள்தான் இதில் பெரிய பெயர்கள். ஒரு பெட்டி வந்து சில வருடங்கள் ஆனதும், 'அடுத்தது எப்போது?' என்ற பேச்சு கிளம்பிவிடும். அந்த அடுத்த பெட்டியை எப்போது கடைக்குக் கொண்டு வருவது சரி? போட்டிக் கம்பெனி வருவதற்கு முன்பா? பழைய பெட்டியின் விற்பனை குறைந்த உடனேயா? அல்லது கிறிஸ்துமஸ் விற்பனையைக் குறிவைத்தா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டிக்காரர் வீட்டுக் காலண்டரைப் பார்த்து நாள் குறிக்கக் கூடாது. புதிய பெட்டிக்கு நல்ல விளையாட்டுகள் தயாராக இருக்க வேண்டும். பழைய பெட்டியை வாங்கியவர்கள் தாங்கள் கொடுத்த காசுக்குத் திருப்தியாக விளையாடி முடித்திருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து வரும் நாள்தான் நல்ல நாள்!

ஏன் இப்படிச் சொல்கிறேன்? பெட்டி என்பது வெறும் அடுப்பு மாதிரி. அடுப்பு எவ்வளவு புதிதாக இருந்தாலும், அதில் ஏதாவது சமைத்தால்தானே பசி தீரும்? ஒரு பெட்டிக்குத் தயாரித்த விளையாட்டு, பெரும்பாலும் இன்னொரு கம்பெனிப் பெட்டியில் ஓடாது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக அதைத் தயாரிக்க வேண்டும். ஒரு பெரிய விளையாட்டை உருவாக்கப் பல பேர் வருடக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. பெட்டி முந்திக்கொண்டு வந்து, விளையாட்டுகள் பிந்தினால் என்ன ஆகும்? இலையைப் போட்டு, விருந்தாளியை உட்கார வைத்துவிட்டு, 'சோறு இன்னும் வேகவில்லை' என்று சொன்ன கதைதான்!

இப்படி ஒரு கதை உண்மையாகவே நடந்திருக்கிறது. செகா என்று ஒரு ஜப்பான் கம்பெனி. 'சோனிக்' என்ற நீல நிற முள்ளெலி வேகமாக ஓடுமே, அந்த விளையாட்டைக் கொடுத்தவர்கள். 1988-ல் 'மெகா டிரைவ்' என்ற பெட்டியை ஜப்பானில் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் அதற்கு 'ஜெனிசிஸ்' என்று பெயர். சக்கைப் போடு போட்டது!

அதன் பிறகுதான் அவசரம் பிடித்துக்கொண்டது. 1994 நவம்பரில், ஜெனிசிஸ் மேல் செருகி விளையாடும் '32எக்ஸ்' என்ற கருவியை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். விலை சுமார் 160 டாலர். அதே மாதம் ஜப்பானில் என்ன செய்தார்கள் தெரியுமா? 'சாட்டர்ன்' என்ற முற்றிலும் புதிய பெட்டியை வெளியிட்டார்கள்! 32எக்ஸ் விளையாட்டுகள் சாட்டர்னில் ஓடாது. சாட்டர்ன் விளையாட்டுகள் 32எக்ஸில் ஓடாது. அடம் பிடித்து 32எக்ஸ் வாங்கிய ஒரு அமெரிக்கச் சிறுவனை நினைத்துப் பாருங்கள். அவன் கையில் இருந்தது பிறந்த மாதத்திலேயே பழசாகிப் போன பொருள். சுமார் 40 விளையாட்டுகளோடு அதன் கதை முடிந்துவிட்டது.

அடுத்த கூத்தைக் கேளுங்கள். சாட்டர்ன் அமெரிக்காவுக்கு 1995 செப்டம்பர் 2-ம் தேதி வரும் என்று செகா அறிவித்திருந்தது. சோனி தன் முதல் பிளேஸ்டேஷனைக் கொண்டு வர இருந்ததும் அதே செப்டம்பரில்தான். 'சோனியை முந்திவிட வேண்டும்' என்று செகாவுக்குத் தோன்றியது. 1995 மே 11-ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த கண்காட்சியில், 'சாட்டர்ன் இன்றே கடைகளில் கிடைக்கிறது! விலை 399 டாலர்!' என்று அறிவித்துவிட்டார்கள்.

செப்டம்பரில் காலாண்டுப் பரீட்சை என்று சொல்லிவிட்டு, மே மாத விடுமுறையிலேயே உங்களைக் கூப்பிட்டு, 'இன்றைக்கே எழுது' என்றால் எப்படி இருக்கும்? விளையாட்டுகளைத் தயாரித்துக்கொண்டிருந்த மற்ற கம்பெனிகளின் நிலைமை அப்படித்தான் ஆனது. அவர்கள் செப்டம்பரை மனத்தில் வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் முதல் நாளில் ஆறே ஆறு விளையாட்டுகள்தான் இருந்தன. ஆறையும் வெளியிட்டது செகாவேதான். பெட்டிகளும் போதுமான அளவு இல்லை. சில கடைகளுக்கு மட்டும் அனுப்பினார்கள். விடுபட்ட கடைக்காரர்களுக்குக் கோபம் வராதா? கே.பி. டாய்ஸ் என்ற பெரிய பொம்மைக் கடைக்காரர்கள், 'எங்களுக்குச் சாட்டர்னே வேண்டாம்' என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அதே கண்காட்சியில் சோனியின் சார்பில் ஸ்டீவ் ரேஸ் என்பவர் மேடை ஏறினார். '299' என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அரங்கமே கை தட்டியது. சாட்டர்னைவிட 100 டாலர் குறைவு! சோனி அவசரப்படவில்லை. செப்டம்பர் 9-ம் தேதிதான் பிளேஸ்டேஷன் அமெரிக்கக் கடைக்கு வந்தது.

முடிவு என்ன? உலகம் முழுவதும் பிளேஸ்டேஷன் 10 கோடிக்கும் மேல் விற்றது. சாட்டர்ன் சுமார் 92 லட்சம்தான். இதற்கு அவசரம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது நியாயம் ஆகாது. விலையும் அதிகம். அந்தப் பெட்டிக்கு விளையாட்டுகள் உருவாக்குவதும் கடினமாக இருந்தது. ஆனால் நான்கு மாதம் முன்னதாக ஓடி வந்தவர், நிதானமாக வந்தவரிடம் தோற்றார் என்பது உண்மை.

செகா அடுத்ததாக 'டிரீம்காஸ்ட்' என்ற பெட்டியைக் கொண்டு வந்தது. ஜப்பானில் 1998-ல், அமெரிக்காவில் 1999 செப்டம்பர் 9-ல் வந்தது. உண்மையிலேயே நல்ல பெட்டி! தொலைபேசி வழியாக இணையத்தில் சேர்ந்து விளையாடும் வசதிகூட இருந்தது. ஆனால் இரண்டு முறை சூடு பட்டவர்கள் மறுபடியும் கையை நீட்டுவார்களா? 'சோனியின் பிளேஸ்டேஷன் 2 வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று பலர் காத்திருந்தார்கள். 2001 ஜனவரி 31-ம் தேதி, 'இனி பெட்டி தயாரிப்பதை நிறுத்திக்கொள்கிறோம்' என்று செகா அறிவித்தது. அதன் பிறகு மற்ற கம்பெனிகளின் பெட்டிகளுக்கு விளையாட்டுகள் மட்டும் தயாரிக்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் நிண்டெண்டோவின் பெரிய எதிரியாக இருந்த சோனிக், அதே 2001-ல் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியில் ஓட ஆரம்பித்தான்!

'பதறாத காரியம் சிதறாது' என்று பெரியவர்கள் சொன்னது சும்மாவா?

"அப்படியென்றால் எத்தனை வருடம் வேண்டுமானாலும் காத்திருக்கலாமா சார்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதுவும் கூடாது. நிண்டெண்டோ 64 என்ற பெட்டி 1996 ஜூன் மாதம்தான் ஜப்பானில் வந்தது. அதற்குள் பிளேஸ்டேஷன் அங்கே ஒன்றரை வருடம் விற்றிருந்தது. அது குறுந்தகடு, நிண்டெண்டோ பிடிவாதமாகக் கேசட்டிலேயே நின்றது. இரண்டும் சேர்ந்ததால், விளையாட்டுத் தயாரிப்பாளர்கள் பலர் சோனி பக்கம் போய்விட்டார்கள். ஆற வைத்துச் சாப்பிட வேண்டும்தான். அதற்காக ஊசிப் போகும்வரை வைத்திருக்கலாமா?

"முந்தி வந்து ஜெயித்தவர்களே இல்லையா?" என்றும் கேட்கலாம். இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ 2005 நவம்பரில், சோனியின் பிளேஸ்டேஷன் 3 வருவதற்கு ஒரு வருடம் முன்பே வெளியிட்டது. அமெரிக்காவில் நல்ல விற்பனை. ஆனால் ஏராளமான பெட்டிகள் பழுதாகி, முன்பக்கத்தில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்தன. 2007-ல் அந்தப் பழுதுக்கான உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீட்டினார்கள். அதற்காக ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கும் மேல்! முந்தி வந்ததற்கு எவ்வளவு பெரிய அபராதம் பார்த்தீர்களா?

சரி, சரியான நேரத்தில் வந்தவர் யார்? அதற்கும் உதாரணம் இருக்கிறது.

நிண்டெண்டோ 2012-ல் 'வீ யூ' என்ற பெட்டியைக் கொண்டு வந்தது. அது படு தோல்வி. மொத்தமே சுமார் 1 கோடியே 36 லட்சம்தான் விற்றது. அந்த நிலையில் யாராக இருந்தாலும் பதறுவார்கள். 2016 கிறிஸ்துமஸுக்கே புதிய பெட்டியைத் தள்ளிவிடலாம் என்றுதான் தோன்றும். நிண்டெண்டோ அப்படிச் செய்யவில்லை. 'புதியது 2017 மார்ச்சில்தான் வரும்' என்று 2016 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. சொன்னபடி 2017 மார்ச் 3-ம் தேதி 'ஸ்விட்ச்' வந்தது.

அதே நாளில் 'செல்டா' என்ற அருமையான விளையாட்டும் வந்தது. ஏப்ரலில் மரியோ கார் பந்தயம், ஜூலையில் 'ஸ்பிளட்டூன் 2', அக்டோபரில் இன்னொரு மரியோ என்று பந்தியில் பதார்த்தங்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன! இதில் எனக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? அந்தச் செல்டா விளையாட்டைப் பழைய வீ யூ பெட்டிக்கும் அதே நாளில் கொடுத்தார்கள். 'பழைய பெட்டிக்குத் தருகிறோம்' என்று முன்பு சொல்லியிருந்தார்கள், சொல்லைக் காப்பாற்றினார்கள். ஸ்விட்ச் 15 கோடிக்கும் மேல் விற்றது. எட்டு வருடம் கழித்து, 2025 ஜூன் 5-ம் தேதிதான் 'ஸ்விட்ச் 2' வந்தது. பழைய ஸ்விட்ச் விளையாட்டுகளில் பெரும்பாலானவை அதிலும் ஓடுகின்றன. முதல் நான்கு நாட்களிலேயே 35 லட்சம் பெட்டிகள் விற்றன.

இதே நிண்டெண்டோ சறுக்கியதும் உண்டு. 2011 பிப்ரவரியில் '3டிஎஸ்' என்ற கையடக்கக் கருவியை ஜப்பானில் 25,000 யென்னுக்கு விற்றது. நல்ல விளையாட்டுகள் போதவில்லை, விற்பனை படுத்துவிட்டது. ஆகஸ்டில் விலையை 15,000 யென்னாகக் குறைத்தார்கள். அப்படியானால் முதலில் வாங்கியவர்கள் ஏமாளிகளா? இல்லை. அவர்களுக்கு 20 பழைய விளையாட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். கம்பெனித் தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். தவறு நடந்தால் அதன் சுமையை முதலில் சுமக்க வேண்டியவர் தலைவர்தானே? இவாடா அதைச் செய்து காட்டினார்.

பிள்ளைகளே, இது கம்பெனிக்காரர்களின் கணக்கு மட்டும் அல்ல. ஒரு பெட்டியின் விலை, பல வீடுகளில் அப்பா அல்லது அம்மாவின் ஒரு மாதச் சம்பளமாக இருக்கும். சில வீடுகளில் அதைவிட அதிகமாகவும் இருக்கும். தீபாவளித் துணியைக் குறைத்து, உண்டியலை உடைத்து வாங்கும் வீடுகளும் உண்டு. அப்படி வாங்கிய பொருளை, 'இது பழசு. புதுசை வாங்கு' என்று இரண்டே வருடத்தில் சொல்வது நியாயமா? ஒரு பெட்டி ஐந்தாறு வருடமாவது உழைக்க வேண்டும். கம்பெனியும் அதுவரை அதற்கு விளையாட்டுகளைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. முதல் நாளே வாங்க நாம் அடித்துப் பிடித்து ஓடினால், அவர்களும் அரைவேக்காட்டையே அனுப்புவார்கள். ஆக்கப் பொறுத்தோம், ஆறவும் கொஞ்சம் பொறுக்கலாமே! புதிய பெட்டி என்று விளம்பரம் வந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் விளையாட இன்றைக்கு என்ன இருக்கிறது? என் பழைய விளையாட்டுகள் இதில் ஓடுமா? முதலில் வாங்கியவர்களின் பெட்டி பழுதில்லாமல் ஓடுகிறதா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்த பிறகு வீட்டில் வாய் திறந்து கேளுங்கள். அதுவரை நண்பன் வீட்டுப் பெட்டியில் முறை வைத்து விளையாடுங்கள். ஒன்றும் குறைந்து போகாது.

நான் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. 'போட்டியில் முந்துவதுதான் புத்திசாலித்தனம்' என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தாராளமாக வாதாடுங்கள். ஆனால் ஒன்று. நீங்களே அந்தக் கம்பெனித் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் உங்கள் பெட்டியை ஆசையாக வாங்கிய பையன், இன்று உங்கள் முன்னால் வந்து நிற்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? அந்தப் பதிலைத் தயார் செய்துகொண்டு, அப்புறம் நாள் குறியுங்கள்!