ஏழு நாள், பதினேழு முங்கல்

பாங்க் உத்தியோகத்தில் இருக்கும் ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார்: 'அந்தமானில் ஸ்கூபா கற்றுக்கொண்டு சர்ட்டிபிகேட் வாங்கிவிட்டேன். ரெண்டு வருஷமாகச் சேர்த்த காசு இருக்கிறது. மாலத்தீவில் ஒரு வாரம் படகிலேயே தங்கி டைவ் அடிக்கிறார்களாமே, போகலாமா? என்னென்ன எடுத்துப் போகவேண்டும்?'

பேஷாகப் போகலாம். எடுத்துப் போவதைவிட, பணம் கட்டுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் முக்கியம். அதற்கு முன்னால் கொஞ்சம் பூகோளம்.

மாலத்தீவு என்பது சுமார் 1,190 தீவுகள். ஜனங்கள் குடியிருப்பது ஏறக்குறைய இருநூறில்தான். வளையம் வளையமாகப் பவளப்பாறைகள், அவற்றின் மேல் தீவுகள். ஆங்கிலத்தில் 'அட்டோல்' என்கிறார்களே, அந்த வார்த்தையே திவேஹி பாஷையிலிருந்து போனதுதான். வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே ஆழமான கால்வாய்கள். கடல் நீர் அதன் வழியே உள்ளே புகுந்து வெளியே போகும்போது இரை வரும், இரையைத் தேடிச் சுறா வரும், சுறாவைத் தேடி உங்களைப் போன்றவர்கள் வருவார்கள். ஒரே ஓட்டலில் தங்கினால் சுற்றுவட்டாரத்து நாலைந்து இடங்களைத்தான் பார்க்கலாம். படகு என்றால் ராத்திரி ஒரு வளையம், காலையில் வேறு வளையம். இதற்கு அங்கே 'சஃபாரி' என்று பெயர்.

பெரிய படகில் தூங்குவதும் சாப்பிடுவதும். கூடவே ஒரு சின்னப் படகு வரும். சிலிண்டர், கம்ப்ரஸர் எல்லாம் அதில். அதிலிருந்துதான் குதிக்கவேண்டும். அதன் பெயர் 'தோணி'. ஆமாம், நம்ம தோணியேதான். கிரிக்கெட்காரர் அல்ல.

*

முதல் கேள்வி: எப்போது? டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்று. மழை குறைவு, கடல் சாது, தண்ணீர் தெளிவு. மே முதல் தென்மேற்குக் காற்று. மழையும் ஆட்டமும் உண்டு. ஆனால் மாண்டா என்கிற ராட்சசத் திருக்கைகள் கூட்டம் கூட்டமாக வருவது அப்போதுதான். இறக்கையை விரித்தால் மூன்று நாலு மீட்டர் இருக்கும். பா அட்டோலில் ஹனிஃபாரு என்ற குடாவில் அவை வந்து மேய்வதைப் பார்க்க உலகமே போகிறது. 2011-ல் அந்த அட்டோலை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஹனிஃபாருவுக்குள் சிலிண்டரோடு இறங்க அனுமதி இல்லை. மூக்குக்கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு மேலே மிதந்தபடி பார்க்கலாம். புக்கிங் ஏஜென்ட் 'அங்கே டைவ் உண்டு சார்' என்றால் வேறு ஏஜென்ட்டைப் பாருங்கள்.

இரண்டாவது: உங்கள் சர்ட்டிபிகேட் போதுமா? 'ஓப்பன் வாட்டர்' என்பது 18 மீட்டர் வரைக்கும்தான். மாலத்தீவில் சட்டப்படி 30 மீட்டர் வரை போகலாம். நல்ல இடங்கள் பல 20-க்குக் கீழேதான் ஆரம்பம். அதற்கு 'அட்வான்ஸ்டு' வேண்டும். அதோடு பல படகுகள் 'ஐம்பது டைவாவது அடித்திருக்க வேண்டும்' என்று கேட்கின்றன. பொய் சொல்லிச் சேர்ந்துவிடலாம்தான். கால்வாயில் இழுக்கும் நீரோட்டத்துக்கு உங்கள் பொய் தெரியாது. எண்ணிக்கை குறைவாக இருந்தால், புதியவர்களுக்கென்று சாதுவான இடங்களாகப் போகும் படகு எது என்று கேட்டுச் சேருங்கள். இதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை: 'ராத்திரி எல்லோரும் தூங்கும்போது யார் முழித்திருப்பார்கள்?'

2019 செப்டம்பர் 2 அதிகாலை, கலிபோர்னியாவில் சாண்டா க்ரூஸ் தீவுக்குப் பக்கத்தில் 'கன்செப்ஷன்' என்ற டைவிங் படகு தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்துபோனார்கள். கீழேயிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. இரண்டும் போய்ச் சேர்ந்தது மேலே எரிந்துகொண்டிருந்த ஒரே ஹாலில். அந்த ஹாலில்தான் எல்லோரும் செல்போன், கேமரா பாட்டரிகளுக்குச் சார்ஜ் போடுவது வழக்கம். தீயின் மூலகாரணத்தைத் திட்டவட்டமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் விசாரணையில் ஒன்று தெளிவானது: ராத்திரி ரோந்து சுற்ற ஆள் போடவில்லை. காப்டனுக்கு 2024-ல் நாலு வருஷச் சிறைத்தண்டனை.

எனவே கேளுங்கள். இரவுக் காவல் உண்டா, காபினிலிருந்து தனித்தனியாக இரண்டு வழிகள் உண்டா, புகை அலாரம் வேலை செய்கிறதா, படகில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதா? படகில் ஏறிய அன்றே ஒருதரம் இருட்டில் கையால் தடவிக்கொண்டு மேல்தளத்துக்கு நடந்து பாருங்கள். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ராத்திரி பூரா பாட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

*

இனி பெட்டி. படகின் காபின் நம்ம ரயில் கூப்பேயைவிடக் கொஞ்சம் பெரிசு. சூட்கேஸ் ஆகாது; மடித்து வைக்கிற மாதிரி துணிப்பை. சட்டை எடுத்துப் போகிறவர்கள் பாதியை மடிப்புக் கலையாமல் திரும்பக் கொண்டுவருவார்கள். நாலு டிராயர், நாலு பனியன், ஒரு முழுக்கை உடுப்பு, ஒரு தொப்பி போதும். செருப்பைப் படகில் ஏறியதும் ஒரு கூடையில் போடச் சொல்லிவிடுவார்கள். வாரம் பூரா வெறுங்கால்.

ரெகுலேட்டர், மிதவை ஜாக்கெட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். முகக்கண்ணாடி மட்டும் சொந்தமாக இருக்கட்டும். அடுத்தவன் மூஞ்சிக்குப் பொருந்தியது உங்கள் மூஞ்சியில் தண்ணீர் விடும். டைவ் கம்ப்யூட்டரும் சொந்தம் என்றால் உத்தமம். தண்ணீர் 28, 29 டிகிரி வெதுவெதுப்புதான். இருந்தாலும் காற்றைவிட தண்ணீர் உடம்புச் சூட்டை இருபத்தைந்து மடங்கு வேகமாக உறிஞ்சும். மூன்றாவது நாள் நாலாவது டைவில் பல் தந்தியடிக்கும். 3 மில்லிமீட்டர் உடுப்பு அவசியம்.

படகு ஆட்டத்துக்கு மாத்திரை. டாக்டரைக் கேட்டு வாங்கி, ஊரிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பாருங்கள். மாத்திரையில் அசந்து தூங்குகிற ஆசாமி 25 மீட்டர் ஆழத்தில் தூங்கக்கூடாது. மின்சாரத்துக்கு இங்கிலாந்து மாதிரி சதுரமான மூணு பின் அடாப்டர். மது, பன்றிக்கறி, வழிபாட்டு விக்கிரகம் மூன்றும் மாலத்தீவு கஸ்டம்ஸில் கூடாது. பாட்டி கொடுத்தனுப்பும் குட்டிப் பிள்ளையாரை பீரோவிலேயே விட்டுப் போங்கள். சாப்பாடு பிரச்னை இல்லை. காலையில் மஸ் ஹுனி என்று ஒன்று தருவார்கள்: சூரைமீன், தேங்காய்த்துருவல், வெங்காயம், மிளகாய், தொட்டுக்கொள்ள சப்பாத்தி மாதிரி ரோஷி. தூத்துக்குடிக்காரர்களுக்கு மாசிக்கருவாடு சம்பல் ஞாபகம் வரும். சைவம் என்றால் புக் பண்ணும்போதே எழுதிவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ். சாதாரண டிராவல் பாலிசிகள் பலவற்றில் டைவிங் கிடையாது, இருந்தாலும் ஏகப்பட்ட நிபந்தனை. டைவிங்குக்கென்றே உள்ள பாலிசி எடுங்கள். நடுக்கடலிலிருந்து உங்களைத் தூக்கிக்கொண்டு போய் அழுத்த அறையில் வைத்தால் பில் லட்சக்கணக்கில் வரும்.

*

தண்ணீருக்குள் போகலாம்.

முத்துக்குளிக்கிறவர் மூச்சைப் பிடிப்பார். சிலிண்டர்க்காரர் மூச்சைப் பிடிக்கவே கூடாது. பத்து மீட்டருக்கு ஒரு காற்றுமண்டல அழுத்தம் கூடுகிறது. முப்பது மீட்டரில் நாலு மடங்கு. அங்கே நுரையீரலை நிரப்பி, மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால் அந்தக் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும்.

சின்னக் கணக்கு ஒன்று. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் 2,400 லிட்டர் காற்று இருக்கிறது. நிமிஷத்துக்கு 20 லிட்டர் என்றால் தரையில் ரெண்டு மணி நேரம் வரும். முப்பது மீட்டரில் அரைமணி. நீரோட்டத்தை எதிர்த்துக் காலை உதைத்தால் அதிலும் பாதி. ஆகவே நீரோட்டத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அது போகிற பக்கம் போங்கள், தோணி உங்களைத் தேடி வரும்.

தோணி உங்களைத் தேட நீங்கள் தெரியவேண்டும். அலைக்கு நடுவே ஒரு மனிதத் தலை என்பது மிதக்கும் தேங்காய். ஊதினால் நிமிர்ந்து நிற்கும் ஆரஞ்சு நிறக் குழாய் பலூன் ஒன்று கடையில் விற்கிறது. அதையும் ஒரு விசிலையும் உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். 1998 ஜனவரி 25-ல் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் டாம், ஐலீன் லோனர்கன் என்ற அமெரிக்கத் தம்பதி டைவ் அடித்து மேலே வந்தபோது படகைக் காணோம். தலையெண்ணியதில் தப்பு. அவர்களை விட்டுவிட்டு வந்தது தெரியவே இரண்டு நாள் ஆயிற்று. அவர்கள் கிடைக்கவேயில்லை. ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் தோணியில் பெயர் கூப்பிட்டு எண்ணுகிறார்களா என்று பாருங்கள். எண்ணாவிட்டால் வாத்தியார் மாதிரி நீங்களே எண்ணுங்கள். 

சைகைகள் ஞாபகம் இருக்கட்டும். சுறாவைப் பார்த்த குஷியில் 'சூப்பர்' என்று கட்டைவிரலைத் தூக்கினால், கைடு பவ்யமாக உங்களை மேலே கூட்டிப் போய்விடுவார். கட்டைவிரல் என்றால் 'மேலே போகலாம்'. விரல் வளையம்தான் 'ஓகே'.

சளி பிடித்தால் இறங்காதீர்கள். காது அடைத்துக்கொண்டு அழுத்தம் சமனாகாமல் செவிப்பறை கிழியும். 'லட்சத்துக்கு மேல் கட்டியிருக்கிறோமே' என்று மனசு சொல்லும். டைவுக்குத் தயாராகி நின்றவர் கடைசி நிமிஷத்தில் 'நான் வரவில்லை' என்றால் காரணம் கேட்கக்கூடாது என்பது இந்தக் கலையில் எழுதாத சட்டம். தைரியமாகச் சொல்லிவிட்டு மேலே உட்கார்ந்து டீ சாப்பிடுங்கள்.

*

கடைசியாக லீவு விஷயம். ஞாயிறு காலை வரை டைவ், மத்தியானம் ப்ளைட், திங்கட்கிழமை ஆபீஸ் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது.

ஆழத்தில் நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. கோலிசோடா மாதிரி. மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு போய்விடும். சட்டென்று அழுத்தம் குறைந்தால் கோலியைத் தட்டிய கதைதான், உடம்புக்குள் குமிழ். ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, எவ்வளவு நிதானமாக மேலே வரவேண்டும் என்று 1908-ல் முதல் அட்டவணை போட்டார். இன்றைக்கு உங்கள் மணிக்கட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் அந்த ஆடுகளின் பேத்தி. விமானம் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டி, கொடைக்கானல் உயரத்துக்குச் சமம். ஒரு வாரம் டைவ் அடித்த உடம்புக்கு அது இன்னொரு முறை கோலியைத் தட்டுவது. குறைந்தது 18 மணி நேரம் என்கிறார்கள்; 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் மாலே ஊரைச் சுற்றுங்கள், மீன் மார்க்கெட் பாருங்கள். ஒரு நாள் லீவு கூடப் போடுங்கள்.

ஊருக்கு வந்தபின் முழங்கையில் தீராத வலி, விரல் மரமரப்பு, தலைசுற்றல் இருந்தால் 'ஏதோ சுளுக்கு' என்று தைலம் தேய்க்காதீர்கள். டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே 'நான் டைவிங் போய்விட்டு வந்தேன்' என்று சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.

பின்குறிப்பு: 'ஸ்கூபாவுக்கு நீச்சலே தெரிய வேண்டாமாமே?' என்று இன்னொருவர். கைடு பிடித்துக்கொண்டு பத்து மீட்டர் காட்டிவரும் டைவுக்கு வேண்டாம். சர்ட்டிபிகேட்டுக்கு 200 மீட்டர் நீந்தி, பத்து நிமிஷம் மிதந்து காட்டவேண்டும். மாலத்தீவு எங்கேயும் போய்விடாது. முதலில் பக்கத்து நீச்சல் குளத்தில் மாசச் சந்தா கட்டுங்கள்.