ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஓய்வு?

ஞாயிற்றுக்கிழமை என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது எது? கோயில் மணியா, கோழிக்குழம்பா? நம்மில் பலருக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளை வாராவாரம் கொண்டாடுகிறோம். கொண்டாட்டத்திற்கு நல்ல சாப்பாடு வேண்டியதுதான். ஆனால் அந்தக் குழம்பு அடுப்பிலிருந்து இலைக்கு வருவதற்குள் வீட்டில் ஒருவருக்கு ஓய்வு நாள் முழுவதுமாகக் கரைந்து போகிறதே, அதைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

பத்துக் கட்டளைகளில் மூன்றாவது கட்டளை திருநாளைப் புனிதமாக அனுசரிக்கச் சொல்கிறது என்பதை மறைக்கல்வி வகுப்பில் யாவரும் மனப்பாடமாகக் கற்றிருக்கிறோம். ஆனால் மனப்பாடம் செய்த வரி சிறியது. விவிலியத்தில் உள்ள கட்டளையோ நீளமானது. யாத்திராகமம் என்று நம் பாட்டிமார் சொல்லும் விடுதலைப் பயண நூலில் 20-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அன்று யார் யார் வேலை செய்யக்கூடாது என்று ஒரு பட்டியலே இருக்கிறது. நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியன் என எல்லாரும் அதில் வருகிறார்கள். மாட்டைக்கூட மறக்காத பட்டியலில் மனைவி என்ற சொல்லைக் காணோம்! ‘நீ’ என்பதிலேயே கணவனும் மனைவியும் அடங்குவர் என்று விவிலிய அறிஞர்கள் விளக்கம் தருகிறார்கள். விளக்கம் சரியாகவே இருக்கட்டும். நம் வீடுகளில் மட்டும் அந்த விடுபட்ட சொல்லைச் சொல்லுக்குச் சொல் கடைப்பிடிக்கிறோம் போலும்.

இணைச்சட்ட நூலின் 5-ஆம் அதிகாரத்தில் இதே கட்டளை மறுபடியும் வருகிறது. அங்கே காரணம் வேறு. முதல் நூல், கடவுள் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்ததை நினைவூட்டுகிறது. இரண்டாவது நூலோ, நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்று நினைவூட்டுகிறது. அடிமைக்கு ஓய்வு நாள் கிடையாது. விடுதலை பெற்றவனுக்கு உண்டு. தான் விடுதலை பெற்றபின் தன் வீட்டிலேயே இன்னொருவரை ஓய்வில்லாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய முரண்!

இன்னொரு செய்தியும் உண்டு. சீனாய் மலையில் கட்டளை கொடுக்கப்படுவதற்கு முன்பே, பாலைவனத்தில் மன்னா பொழிந்தபோதே ஓய்வு நாளைப் பற்றி மக்களுக்குச் சொல்லப்பட்டுவிட்டது. ஆறாம் நாள் இரட்டிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், சுடவேண்டியதைச் சுட்டு, வேகவைக்க வேண்டியதை வேகவைத்து மறுநாளுக்கும் எடுத்து வையுங்கள் என்றார் மோசே. ஆக, ஓய்வு நாளைப் பற்றி இஸ்ரயேல் மக்கள் கேட்ட முதல் அறிவுரையே அடுப்பைப் பற்றியது. யூதக் குடும்பங்களில் இன்றும் வெள்ளி மாலை சூரியன் மறையுமுன் சமையல் முடிந்துவிடும். வீட்டுத் தாய் விளக்கேற்றிச் செபித்து ஓய்வு நாளை வரவேற்கிறாள். மேசையில் இரண்டு அப்பங்கள் வைப்பது அந்த இரட்டிப்பு மன்னாவின் நினைவாகத்தான். அவர்கள் சட்டம் நமக்கு இல்லை. சனியைத் திருநாளாக நாம் கொண்டாடுவதும் இல்லை. ஆயினும் முந்தின நாளே வேலையை முடிக்கும் அந்த ஏற்பாட்டில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். காலைப் பூசைக்கு முன்பே எழுந்து காப்பி போட வேண்டும். பிள்ளைகளைத் தயார்ப்படுத்திக் கோயிலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். திரும்பியதும் ஆப்பமோ இட்லியோ. அதற்குள் அப்பா வாங்கி வந்த கறிப்பை அடுக்களையில் காத்திருக்கும். கறியைக் கழுவி, மசாலா அரைத்து, தேங்காய்ப்பால் பிழிந்து, சாதம் வடித்து முடிக்க மணி ஒன்றாகிவிடும். மற்ற நாளில் டிபன் டப்பாவோடு முடியும் சமையல் அன்று விருந்தாகிவிடுகிறது. உறவினர் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எல்லாரும் உண்டு உறங்கும் நேரத்தில் பாத்திரம். மாலையில் நம் சீருடைகளைத் துவைத்து இஸ்திரி போடும் வேலை. இரவு குடும்ப செபமாலையில் மூன்றாம் மறைபொருளுக்குள் அம்மா தூங்கி விழுந்தால் நாம் சிரிக்கிறோம்.

இது ஏதோ நம் தெருவின் கதை மட்டும் அன்று. 2019-ஆம் ஆண்டில் மத்திய அரசு நாடெங்கும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. 6 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிறவர்கள் பெண்களில் 100-க்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். அப்படி ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரி 299 நிமிடம். ஆணுக்கு 97 நிமிடம். பெண்ணுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! வாரத்தின் எந்த நாளிலும் அதற்கு விடுமுறை கிடையாது.

மார்த்தா மரியாள் கதையைப் பற்றிப் பல மறையுரைகள் கேட்டிருக்கிறோம். மரியாள் நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள் என்று கேட்கும்போதெல்லாம் நமக்கு ஓர் ஐயம் எழும். அன்று சமையலை யார் முடித்தார்கள்? மார்த்தா வேலை செய்ததற்காக ஆண்டவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவள் பலவற்றை எண்ணிக் கலங்கித் தவித்ததையே எடுத்துக் காட்டினார். அவள் கேட்டதும் ஓர் உதவி ஆளைத்தானே! வீட்டில் நாலு பேர் ஆளுக்கு ஒரு வேலை எடுத்துக்கொண்டால் எந்த மார்த்தாவும் அரை மணி நேரத்தில் வந்து ஆண்டவர் காலடியில் உட்கார்ந்துவிடுவாள் என்பது எங்கள் தாழ்மையான கருத்து.

ஞாயிறு நமக்கு எளிதாகக் கிடைத்த நாள் அன்று. கி.பி. 304-இல், தியோக்கிளேசியன் பேரரசனின் ஆட்சியில், இன்றைய துனீசியா நாட்டிலுள்ள அபித்தினே என்ற ஊரில் 49 கிறிஸ்தவர்கள் பிடிபட்டார்கள். அவர்கள் செய்த குற்றம், தடையை மீறி ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடியதே. கூடிய இடம் கோயில் இல்லை, வீடு. வீட்டுக்காரர் எமெரித்துஸைக் கார்த்தேஜில் நிறுத்தி, ஏன் இவர்களை உள்ளே விட்டாய் என்று ஆளுநர் கேட்டபோது, இவர்கள் என் சகோதரர்கள், ஆண்டவருடைய நாளின் வழிபாடு இன்றி எங்களால் வாழ முடியாது என்ற பொருளில் அவர் பதிலளித்தார். அந்தக் கூட்டத்தில் குரு சத்தூர்னினுஸும் அவருடைய நான்கு மக்களும் இருந்தனர். கடைசிப் பிள்ளை ஹிலாரியானுஸ் சிறு பையன். ஒரு குடும்பமே ஞாயிற்றுக்காக உயிரைக் கொடுத்திருக்கிறது. பின்னர் 321-இல் கொன்ஸ்தாந்தீன் மன்னன் ஞாயிறை ஓய்வு நாளாக அறிவித்தபோதுகூட, உழவருக்கு அது பொருந்தாது என்று விலக்கு வைத்தான். பயிர் காத்திருக்காது என்பது அவன் சொன்ன காரணம். ஏழைக்கு எப்போதும் ஒரு விலக்கு இருக்கிறது!

நம் நாட்டிலும் போராடித்தான் பெற்றார்கள். பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு வார விடுமுறை வேண்டும் என்று 1884 முதல் குரல் கொடுத்தவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. அவர் கிறிஸ்தவர் அல்லர். ஜோதிபா பூலேயின் தோழர். 1890-இல் ஞாயிறு விடுமுறையை ஆலை முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். மறு ஆண்டு, 1891-இல், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலில், ஞாயிறு ஓய்வு தொழிலாளிக்கு உரிய உரிமை என்று வலியுறுத்தினார். ஓர் இந்துத் தொழிற்சங்கத் தலைவரும் உரோமையில் இருந்த திருத்தந்தையும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே பொருளைப் பேசியிருப்பதை வரலாற்று வகுப்பில் யாராவது நமக்குச் சொல்லித் தந்தால் நன்றாயிருக்கும்.

அப்படிப் பெற்ற நாளை இன்று நாம் எங்கே செலவிடுகிறோம்? பூசை முடிந்த கையோடு ஜவுளிக்கடைக்கு. அங்கே சேலையைப் பிரித்துப் பிரித்துக் காட்டும் அக்காவுக்கு நம்மைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். பண்டிகைக் காலத்து ஞாயிற்றுக்கிழமையில் காலையிலிருந்து இரவு வரை அவருக்குக் கால் ஓய்வதில்லை. விற்பனையாளர் உட்காருவதற்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டத்திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது, அதுவும் 2021-இல்! வாரத்தில் வேறொரு நாள் அவருக்கு விடுமுறை கிடைக்கலாம். ஆனால் அந்தச் செவ்வாயோ புதனோ அவருடைய அம்மா வேலைக்குப் போயிருப்பார், தம்பி பள்ளிக்கூடம் போயிருப்பான். தனியாகக் கிடைக்கும் ஓய்வால் உடம்பு தேறலாம். குடும்பம் ஒன்றுகூட முடியாது. மருத்துவமனைச் செவிலியர், பேருந்து நடத்துநர், மின்வாரியத்தார் ஆகியோரின் பணி வேறு. ஆண்டவரே ஓய்வு நாளில் நோயாளரைக் குணமாக்கினார். நாம் வாங்கும் தாவணியில் அத்தகைய அவசரம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

தூத்துக்குடி, குமரிக் கடற்கரையின் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. எவ்வளவு மீன்பாடு இருந்தாலும் படகு கரையில்தான். ஒரு நாள் வருமானம் போகிறதே என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஊரே சேர்ந்து எடுத்த முடிவு அது. தனி ஒருவரால் முடியாத ஓய்வு ஊராகச் சேர்ந்தால் முடிகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மீன் கூடை சுமக்கும் பெண்ணுக்கும் அன்று சுமை இல்லை. (அடுப்பைப் பற்றி அங்கும் கேட்க வேண்டும்தான்.)

அடுத்து வருவது சற்றுச் சங்கடமான பொருள். கன்னியர்களும் பெற்றோரும் பொறுத்தருள வேண்டும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்துவிட்டால் மாணவிக்கு ஞாயிறு இல்லை. தனிப்பயிற்சி, மாதிரித் தேர்வு, இன்னும் என்னென்னவோ. அரசாங்கமே வழிகாட்டுகிறது, மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு 2023 மே 7, 2024 மே 5, 2025 மே 4 என்று தொடர்ந்து ஞாயிறுகளிலேயே நடந்தது. ஆண்டுக்கு ஒரு நாள் வரும் தேர்வை நாம் மாற்ற முடியாது. வாராவாரம் வைக்கும் தேர்வை மாற்றலாம் அல்லவா? ஆறு நாள் படித்து ஏறாத கணக்கு ஏழாம் நாளில் ஏறிவிடும் என்பதை எந்த ஆசிரியையும் இதுவரை எங்களுக்கு நிரூபித்துக் காட்டவில்லை. மதிப்பெண்ணுக்காகப் பூசையை விடலாம் என்று 15 வயதில் கற்றுக்கொள்ளும் பெண், 30 வயதில் சம்பளத்துக்காக விடலாம் என்று நினைத்தால் அவளை மட்டும் குறை சொல்வது நியாயமாகுமா?

எல்லாரும் வீட்டில் இருந்துவிட்டால் மட்டும் ஞாயிறு ஞாயிறாகிவிடாது என்பதையும் பார்த்துவிட்டோம். கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், தமிழகத்தில் ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு இருந்தது. கடையில்லை, தனிப்பயிற்சி இல்லை, பயணம் இல்லை. கோயிலும் பூட்டிக் கிடந்ததால் திருப்பலியைத் தொலைக்காட்சியில் கண்டோம். ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு கைப்பேசி. வீடு நிறைய ஆட்கள், பேச்சு மட்டும் இல்லை. ஆனால் அதே நாட்களில் பாட்டி தொடங்கிவைக்க, பல ஆண்டுகளாக நின்றுபோயிருந்த குடும்ப செபம் மறுபடியும் தொடங்கிய வீடுகளும் உண்டு. குடும்பத்தை ‘இல்லத் திருச்சபை’ என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் சொன்னது. அந்தப் பெயருக்குப் பொருள் விளங்க நமக்கு ஒரு நோய் வரவேண்டியிருந்தது.

இரண்டாம் யோவான் பவுல் 1998-இல் ஆண்டவருடைய நாளைப் பற்றி எழுதிய மடலில், வார இறுதி விடுமுறை என்பதும் ஆண்டவருடைய நாள் என்பதும் ஒன்றல்ல என்று எச்சரித்திருந்தார். வேலைக்குப் போகாமல் இருப்பது எளிது. அந்த நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுதான் கடினம். அதற்குச் சட்டம் போட்டு ஆவது ஒன்றுமில்லை.

ஆகவே பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மசாலாவைச் சனிக்கிழமை இரவே அரைத்து வைக்கலாம். சீருடையைச் சனி மாலையே நாமே துவைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் தன் சீருடையைத் துவைக்கத் தெரியாது என்றால் கன்னியர்கள் நம்பமாட்டார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது கறியில்லாமல், சாம்பாரும் அப்பளமுமாகச் சாப்பிட்டால் திருநாள் குறைந்துவிடாது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு அன்று விடுமுறை, சம்பளத்தில் பிடித்தம் இல்லாமல். பாத்திரங்களை அப்பாவும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளட்டும்.

மாலையில் ஒரு கால் மணி நேரம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, காலையில் கோயிலில் கேட்ட நற்செய்திப் பகுதியை மறுபடியும் வாசிக்கலாம். நீண்ட விளக்கம் வேண்டாம். பவுலடியார் துரோவாவில் நள்ளிரவு வரை பேசியபோது சன்னலில் உட்கார்ந்திருந்த வாலிபன் ஒருவன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்துவிட்டான் என்று திருத்தூதர் பணிகள் நூலிலேயே எழுதியிருக்கிறது. வாசிப்பதற்கு வாரம் ஒருவராக முறை வைத்துக்கொள்ளலாம். தம்பிக்கும் முறை உண்டு, பாத்திரம் தேய்ப்பதில் இருப்பது போலவே.